இரண்டு வாசலுக்கு ஒரு காவல்

அமுதவல்லி என்றொரு பெண்ணின் உடம்பில் வாதம், பித்தம், கபம் என்று மூன்று பேர் குடியிருந்தார்கள். அவள் பிறந்த அன்றைக்கே குடிவந்தவர்கள். அவள் இருக்கிறவரை இருக்கப்போகிறவர்கள். ஒருவருக்கு ஒருவர் ஒத்துப்போகாது. ஒருவரை விட்டு ஒருவர் இருக்கவும் முடியாது.

கபத்துக்கு நெஞ்சில் வாசம். கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. மூட்டுகளுக்கு எண்ணெய் போடுவதும் எலும்பையும் சதையையும் பிரியாமல் ஒட்டிப் பிடித்திருப்பதும் அதன் வேலை. பித்தம் வயிற்றில் அடுப்போடு இருந்தது. உள்ளே வந்ததை வேகவைத்துப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு முன்கோபம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு குறை இருந்தது. கால் கிடையாது. உட்கார்ந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர முடியாது.

அதனால் நகர்கிற வேலை, நகர்த்துகிற வேலை எல்லாம் வாதத்தின் தலையில் விழுந்தது.

வாதத்தின் வீடு என்று பார்த்தால் தொப்புளுக்குக் கீழே, பெருங்குடல் பக்கம். ஆனால் அது வீட்டில் இருந்த நேரம் குறைவு. மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடும். சாப்பிட்டதை அடுப்புக்குக் கொண்டுபோகும், வெந்ததை உடம்பெல்லாம் பரிமாறும், கழிவை வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கண் இமையை மூடித் திறக்கும். கையை நீட்டும், காலை எட்டுவைக்கும். மனசில் தோன்றியதைத் தொண்டைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்லாக்கி வெளியே அனுப்பும். அவள் அழுதால் கண்ணீரைக்கூட அதுதான் தள்ளிக்கொண்டு வரவேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக நடந்தால் வாதம் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. எங்கேயாவது ஒரு சுருக்கென்ற வலி வந்தால் போதும், உடனே பெயர் வந்துவிடும். முதுகு பிடித்தால் வாயு. விலா குத்தினால் வாயு. பக்கத்து வீட்டுக்காரி கேட்டாலும் வாயு, மருந்துக்கடைக்காரர் கேட்டாலும் வாயு. நெஞ்சில் சளியை மூட்டையாகக் கட்டிவைத்திருந்த கபத்தை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இது வாதத்துக்கு வெகுநாளாக இருந்த ஆற்றாமை. ஆனாலும் வேலையை நிறுத்தியதில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று மூவருக்கும் தெரியும்.

நிலைமை உண்மையில் மோசமானது அமுதவல்லி ஜவுளிக்கடை வேலைக்குப் போன பிறகுதான்.

அவள் கணவர் சேதுபதி லாரிப் பட்டறையில் எலக்ட்ரீஷியன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நர்சிங் படிக்கச் சேர்ந்தபோது ஒருவர் வருமானம் போதாது என்று தெரிந்தது. ஊரின் பெரிய கடைவீதியில் இருந்த ஜவுளிக்கடையில் ஆள் எடுத்தார்கள். அமுதவல்லிக்குப் புடவையின் நிறத்தையும் கட்டுகிறவள் நிறத்தையும் பொருத்திப் பார்க்கிற கண் உண்டு. மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவில் போட்டார்கள்.

அந்தக் கடையில் வாடிக்கையாளர் உட்கார மெத்தை உண்டு, நாற்காலி உண்டு. விற்கிறவர்கள் உட்காரக்கூடாது. கழிப்பறை தரைத்தளத்தில், குடோனுக்குப் பின்னால். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும். போகவேண்டுமென்றால் சூப்பர்வைசர் தில்லைராஜின் மேசையில் இருக்கும் மஞ்சள் அட்டையைக் கேட்டு வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்க வேண்டும். மாடிக்கே ஒரு அட்டைதான். கூட்டம் வந்துவிட்டால் தில்லைராஜ் அதை எடுத்து இழுப்பறையில் போட்டுவிடுவார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கூட்ட நேரத்தில் ஆள் குறைந்தால் கேமராவில் பார்த்துவிட்டு மேலே இருந்து போன் வரும், அந்த போனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

முதல் வாரம் வாதம் தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. சிறுநீரைக் கொண்டுபோய்க் கீழ்வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டியது. வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்கவில்லை. புதிதாக ஒரு காவல் அங்கே நின்றிருந்தது.

யார் நீ என்று வாதம் கேட்டது. பயம் என்றது அது. இந்த வேலையோடு சேர்ந்து வந்ததாகவும், இப்போது திறக்க உத்தரவில்லை என்றும் சொன்னது.

"யார் உத்தரவு?" என்றது வாதம்.

"அவ உத்தரவுதான். அட்டை கிடைக்கிறவரைக்கும் பொறுத்துக்கச் சொல்றா. வேலை போச்சுன்னா பொண்ணு படிப்பு நின்னுடும். நான் ஒண்ணும் கெடுதலுக்கு நிக்கல."

வாதம் பொறுத்தது. கொண்டுவந்ததைத் தூக்கிக்கொண்டு திரும்பப் போய், மறுபடி வந்து, மறுபடி திரும்பியது. முதுகில் மூட்டையோடு மூடின கதவுக்கு முன்னால் நிற்கச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதுவும் தினந்தோறும்.

பிறகு அமுதவல்லி ஒரு வழி கண்டுபிடித்தாள். கடையில் மற்ற பெண்கள் சொல்லிக்கொடுத்த வழிதான். காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால்தானே போகவேண்டும். பட்டுப் பிரிவில் அவளோடு நின்ற ரெஜினா பல வருஷமாக அப்படித்தான் இருந்தாள். ஒரு வாய் காப்பியோடு வந்து சாயங்காலம்வரை உதட்டை நனைத்துக்கொண்டே ஓட்டிவிடுவாள்.

வாதத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அது இயல்பிலேயே வறண்டது, குளிர்ந்தது, லேசானது. ஈரம் இருந்தால்தான் தணிந்து நடக்கும். இப்போது ஈரமும் இல்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போய் நேரம் தப்பி வந்தது. சில நாள் அதுவும் இல்லாமல் பொட்டலத்து மிக்சர் வந்தது. மேலே ஏசிக் காற்று. நாளெல்லாம் நிற்கிற கால். வாதத்தை வேண்டுமென்றே சீண்ட நினைப்பவர்கள்கூட இவ்வளவு திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

வழி மறிக்கப்பட்ட காற்று சும்மா நிற்குமா? அது மேலே திரும்பியது. வயிற்றை ஊதியது. விலாவில் மோதியது. தலைக்கு ஏறி நெற்றியைப் பிடித்தது. படுக்கையில் அவள் கண்ணை மூடினாலும் அதற்கு இளைப்பாற இடம் கிடைக்காமல் உள்ளுக்குள் அலைந்தது. அவளும் தூங்காமல் புரண்டாள். குதிகால் வெடித்தது. உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் படக்கென்றது.

உள்ளேயும் சண்டை வந்தது. முதலில் கபம் குறைபட்டுக்கொண்டது. மூட்டில் போட்டு வைத்திருக்கிற எண்ணெயெல்லாம் காய்ந்துபோகிறது, நீ வீசுகிற வீச்சில்தான் காய்கிறது என்றது. அடுத்து பித்தம் சீறியது. அடுப்புப் பக்கம் காற்று ஒரு நேரம் அடித்து வீசி எல்லாம் தீய்கிறது, ஒரு நேரம் அணைந்தே போகிறது, இப்படி இருந்தால் நான் எதை வேகவைப்பது என்று கேட்டது.

"நான் என்ன வேணும்னா வீசறேன்?" என்றது வாதம். "உங்க ரெண்டு பேருக்கும் உக்காந்த இடத்துல வேலை. நடக்கறவனுக்குத்தான் கதவு சாத்தியிருக்கறது தெரியும்."

"நீ கொஞ்சம் அடங்கி இரேம்ப்பா" என்றது கபம், நல்ல எண்ணத்தோடுதான்.

அடங்கு. அந்த வார்த்தையைக் கேட்டாலே வாதத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கியதால் வந்த வினைக்கு அடங்கு என்பதே மருந்தா?

அதையே மருத்துவரும் சொல்லிவிடுவாரோ என்று ஒருநாள் அது பயந்தது. விடுமுறை நாளில் அமுதவல்லி ஆயுர்வேத மருத்துவர் ஒருவரிடம் போனாள். டாக்டர் கோமளா என்று பெயர். நடுத்தர வயசு, வெளியே நோயாளிகள் வரிசை, அவசரமாகப் பார்த்தாலும் கவனமாகப் பார்த்தார். நாடியில் விரல் வைத்ததும் வாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நாடி பாம்பு போல நெளிந்து ஓடுகிறது, வாதம் கெட்டிருக்கிறது என்றார் அவர். வாதத்துக்கு முகம் சுண்டிப்போனது. இங்கேயும் அதே பெயர்தான்.

ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள், எப்போது சாப்பிடுகிறாள், வேலை என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடையின் வழக்கத்தை அமுதவல்லி சொன்னாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"பித்தமும் கபமும் தானா எங்கேயும் போகாதும்மா. வாதம் கூட்டிட்டுப் போனாத்தான் போகும். அது போற வழியை நீங்க தினம் அடைக்கறீங்க. அது பாவம், வேற வழி தேடுது. அதைத்தான் நீங்க வலின்னு சொல்றீங்க."

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் வாதம் அப்படியே நின்றுவிட்டது. அதற்கு யாரும் பாவம் பார்த்ததில்லை. அமுதவல்லிக்கு ஒரு கணம் பேச்சு வராமல் போனதற்கு அதுவே காரணம்.

உடம்பில் தேய்க்கத் தைலமும், சாதத்தில் விட நெய்யும், குடிக்க வெந்நீரும் சொன்னார் டாக்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, வரும்போது அடக்காதீர்கள் என்றார். அமுதவல்லி சிரித்தாள். நீங்கள் வந்து எங்கள் சூப்பர்வைசரிடம் சொல்கிறீர்களா என்று கேட்டாள். டாக்டர் மருந்துச் சீட்டை அவள் பக்கம் தள்ளினார். அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்.

தைலம் நன்றாகத்தான் இருந்தது. வெதுவெதுப்பாக இறங்கிய எண்ணெயில் வாதம் கொஞ்சம் தணிந்தது. கபம் மகிழ்ந்தது, பித்தமும் சில நாள் சத்தம் போடவில்லை. ஆனால் காலையில் தடவிய எண்ணெய் இரவுக்குள் கீழ்வாசலில் வற்றிப்போனது. அங்கே பயம் அதே இடத்தில் நின்றிருந்தது. மருந்து எழுதிக்கொடுத்தவர் அதற்கு ஒன்றும் எழுதவில்லை.

இன்னொன்றும் வாதத்தின் பொறுமையைச் சோதித்தது. தினமும் முற்பகலில் அமுதவல்லியின் மனசில் ஒரு வாக்கியம் உருவாகும். சார், நான் போயிட்டு வரணும். அவ்வளவுதான் வாக்கியம். வாதம் அதைத் தூக்கிக்கொண்டு நெஞ்சைத் தாண்டித் தொண்டைக்குப் போகும். அங்கேயும் கதவு சாத்தியிருக்கும். இருட்டில் யாரோ உள்ளேயிருந்து, இப்போது வேண்டாம், கூட்டமாக இருக்கிறது என்பார்கள். அவள் எச்சிலோடு சேர்த்து அந்த வாக்கியத்தை விழுங்கிவிடுவாள். விழுங்கியதைத் திரும்பச் சுமந்துகொண்டு இறங்குவதும் வாதம்தான். சிறுநீரைவிட அதுதான் கனமாக இருந்தது.

ஆடி வந்தது. கடை முழுக்கத் தள்ளுபடிப் பலகைகள். தெருவில் காற்று பலகைகளைப் பிடித்து ஆட்டியது. உள்ளே மூன்றாவது மாடியில் கால் வைக்க இடமில்லை. ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து மெத்தையில் உட்கார்ந்தார்கள். கடை திறந்த வேகத்தில் மஞ்சள் அட்டை இழுப்பறைக்குள் போய்விட்டது.

அன்றைக்கு அமுதவல்லியின் முன்னால் பெண் வீட்டார் ஒரு கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் அம்மா, நெற்றியில் பெரிய குங்குமம் வைத்தவர், முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தார். அரக்கு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று அமுதவல்லி பிரித்துப் பிரித்துப் போட்டாள். டாக்டர் சொன்ன வெந்நீரை அன்று காலையில் ஒரு செம்பு குடித்திருந்தாள். அதற்கான விலையை இப்போது கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தில்லைராஜ் பக்கம் திரும்பிச் சுண்டுவிரலைக் காட்டினாள். அவர் போனைக் காதில் வைத்தபடி, நிமிராமலே, பொறு என்று கையைக் காட்டினார்.

நேரம் போகப்போக அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். கீழ்வாசலில் வாதம் முட்டிக்கொண்டு நின்றது.

பித்தம் அடுப்பிலிருந்து கத்தியது. "இன்னும் எதுக்குக் கெஞ்சறே? கதவை உடைச்சிடு. நாலு பேர் முன்னாடி ஆகட்டும். அப்பத்தான் இவளுக்கும் புத்தி வரும், அந்த ஆளுக்கும் வரும்."

"வேண்டாம்ப்பா" என்றது கபம். அதன் குரல் உடைந்திருந்தது. "அந்தப் பட்டுப் புடவை மேல ஆச்சுன்னா அவ அப்புறம் தலை நிமிர மாட்டா."

உடைக்கிற பலம் வாதத்துக்கு இருந்தது. அதற்கான நியாயமும் இருந்தது. இத்தனை நாள் பட்டதை நினைத்தால் இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் என்று தோன்றியது. தள்ளுவதற்குத் தோளைச் சாய்த்துவிட்டு, அவள் கண் வழியாக ஒருமுறை வெளியே பார்த்தது. விரித்துப் போட்ட மாம்பழ மஞ்சள் புடவை தெரிந்தது. அதன்மேல் அவள் விரல்கள் தெரிந்தன. அந்த விரல்களை மடக்குவதும் நீட்டுவதும் தான்தான் என்று வாதத்துக்கு ஞாபகம் வந்தது. அவளை இந்த மெத்தை முன்னால் கூனவைத்தால் அந்தக் கூனையும் நாளைக்குத் தான்தானே சுமக்கவேண்டும்?

அது தோளை எடுத்தது. அவள் மனசில் மறுபடி எழும்பிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஓடியது. வயிற்றைக் கடந்து, நெஞ்சைக் கடந்து, தொண்டைக் கதவில் போய் மோதியது.

இப்போது வேண்டாம் என்றது உள்ளேயிருந்து குரல். வழக்கமான வார்த்தைதான். ஆனால் இன்று அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது. ஓடிவந்த ஆளின் மூச்சு அது.

வாதம் உற்றுப் பார்த்தது. கதவுக்குப் பின்னால் வியர்த்து நின்றது பயம். கீழே இப்போதுதான் பார்த்துவிட்டு வந்த அதே பயம்.

"நீதானா ரெண்டு இடத்துலயும்?" என்று கேட்டது வாதம்.

பயம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இத்தனை மாதமாக இரண்டு காவல் என்று நினைத்துத் தான் மலைத்துப்போனதை எண்ணி வாதத்துக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலில் நேரத்தை வீணாக்கவில்லை. விர்ரென்று கீழே இறங்கிக் கீழ்வாசலில் ஒரு இடி இடித்தது. அமுதவல்லி துடித்து, புடவைக் குவியலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். பயம் விழுந்தடித்துக் கீழே ஓடிவந்து கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்தது. அது சாய்ந்த அதே நொடியில் வாதம் மேலே இருந்தது. தொண்டையில் யாரும் இல்லை.

"சார்" என்றாள் அமுதவல்லி.

அது அவள் எதிர்பார்த்ததைவிட உரக்க வந்தது. தில்லைராஜ் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"சார், நான் பாத்ரூம் போகணும். உங்ககிட்ட கேக்கல, சொல்றேன்."

பிரித்துக்கொண்டிருந்த புடவைகள் பிரித்தபடி நின்றன. தில்லைராஜின் முகம் சிவந்தது. வாடிக்கையாளர் முன்னால் இப்படியா பேசுவது என்று ஆரம்பித்தார். குங்குமம் வைத்த அந்த அம்மா புடவையிலிருந்து கையை எடுத்துவிட்டு அமுதவல்லியை ஏறிட்டுப் பார்த்தார். வியர்வையைப் பார்த்தார். அவள் கால் மாற்றி நிற்பதைப் பார்த்தார்.

"காலையிலேர்ந்தா இப்படி நிக்கறே? போயிட்டு வாம்மா, நாங்க எங்கேயும் போகல" என்றார்.

அமுதவல்லி ஓடவில்லை. நடந்துதான் போனாள். மூன்று மாடிப் படிகளிலும் அவள் காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது வாதம். தன் வாழ்நாளில் இவ்வளவு ஜாக்கிரதையாக அது எதையும் சுமந்ததில்லை. கீழே குடோனுக்குப் பின்னால் அந்தத் தகரக் கதவைச் சாத்தியதும் பயம் தானாகவே வாசலிலிருந்து விலகி நின்றது.

எல்லாம் ஆனபிறகு பயம் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பப் பார்த்தது. வாதம் தடுத்தது. மகளின் படிப்பு என்று அது முதல் நாள் சொன்னது பொய்யில்லை என்று வாதத்துக்குத் தெரியும்.

"நீ போகவேண்டாம், இரு. அவளுக்கு நீயும் வேணும். ஆனா வாசல்ல மட்டும் நிக்காதே. உள்ளே எங்கேயாவது உக்காந்துக்கோ" என்றது.

அமுதவல்லி மாடி ஏறி வந்தபோது அவளுக்கு எதிரே ரெஜினா இறங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அட்டை இல்லை. ரெஜினா அவள் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

பெண் வீட்டார் மாம்பழ மஞ்சளையே எடுத்துக்கொண்டார்கள். அது அவளைக் காப்பாற்றவில்லை. அந்த வாரக் கடைசியில் மேலாளர் கூப்பிட்டு, மரியாதை தெரியாதவர்களைப் பட்டுப் பிரிவில் வைத்திருக்க முடியாது என்றார். தரைத்தளத்தில் துண்டும் லுங்கியும் விற்கிற இடத்துக்கு மாற்றினார்கள். பட்டிலிருந்து துண்டுக்கு. பெரிய தண்டனை என்று நினைத்துத்தான் மாற்றினார்கள். அந்த மேசையிலிருந்து குடோன் கதவு கூப்பிடு தூரம்கூட இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அங்கே இருந்துகொண்டு கழிப்பறைக்குப் போய்வர அட்டை எதற்கு?

மூன்றாவது மாடியில் மஞ்சள் அட்டை இன்னும் மேசைமேல் இருந்தது. ஆனால் அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைந்துபோனார்கள். பெண்கள் சார், போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு நடந்தார்கள்.

அமுதவல்லி தண்ணீர் குடித்தாள். நேரத்துக்குச் சாப்பிட்டாள். முழங்கால் இன்னும் சில நாள் படக்கென்றது. குதிகால் வெடிப்பு மெல்ல மூடியது. இரவில் வாதத்துக்கு வீடு திரும்பி இளைப்பாற நேரம் கிடைத்தது. இளைப்பாறிய இடத்திலும் நிம்மதி இல்லை. தண்ணீர் வரத்து கூடிவிட்டது, எனக்குக் கனக்கிறது என்று கபம் முனகும். பசி நேரத்துக்கு வந்துவிடுகிறது, எனக்கு மூச்சுவிட நேரமில்லை என்று பித்தம் அலுத்துக்கொள்ளும். அன்று தொண்டை வரை ஓடியது யார் என்று ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாதம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு புரண்டு படுத்தது. இவர்களைத் திருத்துகிற வேலை தன் வேலைகளில் இல்லை.

தீபாவளி நெருங்கியபோது ஒருநாள் தில்லைராஜ் தரைத்தளத்துக்கு வந்தார். குடோனிலிருந்து சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பெட்டிகள் வந்து சேர்கிறவரை அமுதவல்லியின் மேசைப் பக்கம் நிற்கவேண்டி வந்தது. அன்றைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. அவர் துண்டுகளைப் பார்ப்பது போல நின்றார். ஒரு காதில் போன், அதில் யாரோ விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சரி சார், சரி சார் என்றார். நெற்றி வியர்த்திருந்தது. காலை மாற்றி மாற்றி ஊன்றினார்.

அவர் விட்ட மூச்சும் அவள் இழுத்த மூச்சும் மேசைக்கு மேலே ஒருமுறை தொட்டுக்கொண்டன. அந்தத் தொடுகையில் அவருடைய வாதம் தென்பட்டது. இவளுடையதைவிட வயதில் மூத்தது, வறண்டு நூலாகிப் போயிருந்தது.

"இங்கே எப்படிக் கதவு திறந்துச்சு?" என்று கேட்டது அது. "நான் காலையிலேர்ந்து நிக்கறேன். இவர் அந்த போனை வைக்கவே மாட்டேங்கிறார். கேமராவுல பார்த்துக்கிட்டே இருக்காங்களாம்."

அமுதவல்லியின் வாதம் பதில் சொல்வதற்குள் அவர் மூச்சை உள்ளே இழுத்துவிட்டார். அது மறைந்துபோனது.

வாதத்துக்கு அலுப்பாக வந்தது. ஒரு மாடிக்கு மேலே இன்னொரு மாடி, ஒவ்வொன்றிலும் ஒரு காவல். இதற்கு முடிவே இல்லையா என்று நினைத்துக்கொண்டே ஒரு பெருமூச்சாக மேலே ஏறியது. தொண்டை திறந்தே இருந்தது.

அமுதவல்லி மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள்.

"சார், போயிட்டு வாங்க. பெட்டி வந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

தில்லைராஜ் அவளைப் பார்த்தார். போனில் பேசிக்கொண்டிருந்த குரலைப் பாதியில் நிறுத்திவிட்டு நடந்தார். எங்கே போகச் சொல்கிறாய் என்று அவர் கேட்கவில்லை.